பூட்டன் பேர் எந்தக் கப்பலில்? சென்சஸ், கப்பல் பதிவேடுகளில் தேட வழி கேட்டு

பாளை பேத்தி | சனி, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக வாசிக்கிறவள், எழுதுவது இதுதான் முதல் தடவை.

அம்மா பிறந்தது மணப்பாட்டுக்கும் உவரிக்கும் நடுவில் ஒரு கடற்கரை ஊர். ஊர்ப் பேரையும் ஆள் பேரையும் பொதுவில் போட வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு 94 வயது. காதுதான் மந்தம், நினைவு தெளிவு. பாட்டியின் அப்பா, அதாவது என் பூட்டன், கப்பல் கேப்டன் என்றும், அவர் போன கப்பலை எம்டன் (முதல் உலகப்போர்க் காலத்து ஜெர்மன் போர்க்கப்பல்) முக்கிவிட்டான் என்றும் கேட்டு வளர்ந்தோம். பள்ளிக்கூடத்தில் வ.உ.சி. பாடம் வரும்போதெல்லாம் நான் எழுந்து நின்று இதைச் சொல்லியிருக்கிறேன்.

கையில் இருப்பது மூன்று சாமான். ஒரு தகரப்பெட்டி. கொழும்பு ஸ்டூடியோவில் எடுத்த ஒரு படம்: வெள்ளைக் கோட்டு, கீழே வேட்டி, காலில் ஒன்றுமில்லை, பக்கத்தில் ஸ்டூடியோ பூச்சாடி. மூன்றாவது, 1960-களில் யார் கல்யாணத்துக்கோ கோயில் புத்தகத்தை (தேவாலயப் பதிவேடு) பார்த்து உபதேசியார் (சாமியாருக்கு உதவியாக இருப்பவர்) எழுதிக்கொடுத்த துண்டுச் சீட்டு. பேர், தகப்பன் பேர், வயசு 31, அப்புறம் "மாரியில் மரணம்" என்று ஒரு வரி. தேதி இருந்த ஓரத்தைக் கரையான் தின்றுவிட்டது. மாரி என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் இறந்திருப்பார் என்று, நவம்பர் 2 கல்லறைத் திருநாளோடு சேர்த்தே வருஷா வருஷம் பூசை வைக்கிறோம்.

ஒரு வெளிநாட்டு வம்சாவளித் தளத்தில் மூவாயிரத்துச் சொச்சம் கட்டினேன். பெர்னாண்டோ என்று தேடினால் பிலிப்பைன்ஸ்காரர்களாக வந்து கொட்டுகிறது. ஆனால் 1915 பிரிட்டிஷ் கப்பல் ஆள்பட்டியலில் ஒரு பெர்னாண்டஸ் கிடைத்தார். வயசு 29, பிறந்த இடம் கோவா. எங்கள் ஊர் ஒரு காலத்தில் கோவா குருக்கள் கையில் இருந்ததால் அப்படி எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

கேட்க வந்தது: 1901, 1911, 1921, 1931 சென்சஸில் எங்கள் ஊர் வீட்டு வீதப் பட்டியல் எங்கே பார்க்கலாம்? கப்பல் கேப்டன்களுக்குத் தனிப் பதிவேடு உண்டா?


நெல்லை டெக்கி | சனி, இரவு 9.40

சென்சஸ் எல்லாம் சென்னை ஆபீஸில் ஸ்கேன் பண்ணி வைத்திருப்பார்கள் அக்கா. ஒரு ஆர்.டி.ஐ. போடுங்க, பத்து ரூபாய்தான். வெள்ளைக்காரன் காலத்துக் காகிதம் ஒன்றுகூட அழியாது.


எழும்பூர் வாசகன் | சனி, இரவு 10.55

தம்பி, அந்தப் பத்து ரூபாய்க்கு டீ குடியுங்கள்.

இதை ஒருமுறை விளக்கமாகவே எழுதிவிடுகிறேன், மாதத்துக்கு ஒருவர் கேட்கிறீர்கள். இங்கிலாந்தில் 1841 முதல் வீட்டு வீதப் பட்டியலைப் பேரோடு பாதுகாத்து வைத்திருக்கிறார்கள், நூறு வருஷம் கழித்துத் திறந்துவிடுகிறார்கள். 1921-இன் பட்டியல் 2022 ஜனவரியில்தான் வெளியே வந்தது. அதைப் பார்த்துவிட்டு நமக்கும் அப்படி இருக்கும் என்று நினைக்கிறோம். நம் நாட்டில் கணக்கெடுப்பின் நோக்கமே தலை எண்ணுவதுதான். 1901-இலிருந்து என்ன செய்தார்கள் தெரியுமா? கணக்கெடுப்பாளர் எழுதிய பட்டியலிலிருந்து ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு பெயர்த்து எழுதுவார்கள். ஆண், பெண், மதம், தொழில் என்று சீட்டுகளைப் புறாக்கூடு மாதிரி அறைகளில் பிரித்துப் போட்டு எண்ணுவார்கள். எண்ணி முடிந்ததும் சீட்டும் போச்சு, பட்டியலும் போச்சு. அச்சாகி நிற்பது தாலுகா வாரியான எண்ணிக்கை மட்டும். 1948-க்குப் பிறகு எடுத்தவற்றுக்கோ சட்டமே கதவை அடைத்துவிட்டது. சென்சஸ் சட்டம் 15-ஆம் பிரிவின்படி தனி ஆள் பற்றிய பதிவை யாரும் பார்க்க முடியாது.

ஆக 1911 சென்சஸில் உங்கள் பூட்டன் இருக்கிறார். ஒரு எண்ணில் ஒரு பகுதியாக இருக்கிறார். அவ்வளவுதான்.

அதற்காக அந்தத் தொகுதிகளை ஒதுக்கவும் வேண்டாம். திருநெல்வேலி ஜில்லா அட்டவணையில் கடல் தொழில், தோணித் தொழில், சாதி, மதம் எல்லாம் தாலுகாவோடு பிரித்துப் போட்டிருக்கும். தூத்துக்குடி அப்போது நம் ஜில்லாதான், 1986 அக்டோபரில்தான் பிரிந்தது என்பதை மறக்காதீர்கள். தூத்துக்குடி என்று தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பி வருகிறவர்கள் நிறைய. ஸ்டூவர்ட் எழுதிய 1879 ஜில்லா மானுவல், கால்டுவெல்லின் 1881 சரித்திரம், பேட் எழுதிய 1917 கெஜட்டியர் மூன்றையும் வாசித்தால் ஊர் எப்படி இருந்தது என்று பிடிபடும். பேர் கிடைக்காது.


சாரங்கு தாத்தா | ஞாயிறு, காலை 6.20

மகளே, நான் 34 வருசம் கப்பல்ல இருந்தவன். தூத்துக்குடியில பிறந்து பம்பாயில ஏறினேன். உன் கேள்வியிலயே ஒரு முடிச்சு இருக்கு, அதை மொதல்ல அவுத்துருவோம்.

பாட்டி எந்த வார்த்தை சொன்னாங்க? கேப்டன்னு சொன்னாங்களா, தண்டல்னு சொன்னாங்களா? நல்லாக் கேட்டுச் சொல்லு.

தூத்துக்குடித் தோணியில தண்டல்தான் எல்லாம். பாய் ஏத்தணுமா இறக்கணுமா, வாடை திரும்பினா ஓடணுமா நங்கூரம் போடணுமா, எல்லாம் அவர் வாய்ச்சொல். தோணி முதலாளி கரையில இருப்பாரு, கடல்ல தண்டல்தான் ராஜா. ஆனா நீராவிக் கப்பல்ல தண்டல்னா வேற. அங்க டெக் ஆளுகளுக்குத் தலைவர் சாரங்கு, அவருக்கு அடுத்த படிதான் தண்டல். அதுக்குக் கீழ சுக்கான் பிடிக்கிற சுக்காணி, சாமான் அறை பார்க்குற கசாப், சாதாரண ஆள் கலாசி. அடுப்புப் பக்கம் நெருப்பு மூட்டுற ஆகவாலா, எண்ணெய் போடுற தேல்வாலா, நிலக்கரி தள்ளுற கோலவாலா. சமையல் பண்டாரி, பெருக்குறவர் தோப்பாஸ். வெள்ளைக்காரன் கம்பெனிக் கப்பல்ல நம்ம ஆள் அந்தக் காலத்துல கேப்டன் ஆனதா நான் கேட்டதில்லை. முதல் உலகப்போர் தொடங்கினப்ப பிரிட்டிஷ் கப்பல்கள்ல இருந்த லஸ்கார்கள், அதாவது நம்ம பக்கத்துக் கப்பலாளுக, ஐம்பதாயிரத்துக்கு மேல. பெரும்பாலும் இந்தப் பட்டியல்ல சொன்ன மாதிரி வேலையிலதான் இருந்தாங்க.

அடுத்தது, பட்டியலைத் தேடுற வழி. கப்பல் பதிவுல மனுசனுக்கு இடம் கிடையாது, கப்பலுக்குத்தான் இடம். ஒவ்வொரு பிரிட்டிஷ் கப்பலுக்கும் ஒரு அதிகார எண் உண்டு. கப்பல் பேர் மாறும், முதலாளி மாறுவான், அந்த எண் மாறாது. ஆள்பட்டியலை அந்த எண், வருசம்னு கட்டி வச்சிருக்கான். 1863-லிருந்து 1938 வரைக்கும் உள்ளதுல சுமார் 70 விழுக்காடு எங்க இருக்கு தெரியுமா? கனடாவுல, நியூஃபவுண்ட்லாந்து மெமோரியல் பல்கலைக்கழகத்துல. லண்டன் ஆவணக் காப்பகம் பத்து விழுக்காடு மாதிரிக்கு வச்சுக்கிட்டது. 5-ல முடியிற வருசங்கள் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்துல. அதுல 1915-ஐப் பேர் போட்டுத் தேடுற மாதிரி இணையத்துல போட்டிருக்கு. மத்த வருசத்துக்குக் கப்பல் பேர் தெரியாம கதவைத் தட்டக்கூடாது.

இன்னொண்ணு. லஸ்கார்கள் பம்பாய்லயோ கல்கத்தாவுலயோ தனி ஒப்பந்தத்துல கைநாட்டு வைப்பாங்க. லண்டனுக்குப் போன பட்டியல்ல பல தடவை "லஸ்கார் இத்தனை பேர்"னு தலை எண்ணிக்கையோட சரி.

நீ கண்டுபிடிச்ச 1915 பெர்னாண்டஸ் அசல் கோவாக்காரர். சலூன் (கப்பல் சாப்பாட்டுக் கூடம்) வேலை, பரிமாறுற வேலையில அவங்கதான் நிறைய. அவங்க பெர்னாண்டஸ், நாம பர்னாந்து. எழுதுற குமாஸ்தாவுக்கு ரெண்டும் ஒண்ணு. பிறந்த இடம் கோவான்னு போட்டிருந்தா கோவாதான். அம்மாகிட்ட மெதுவாச் சொல்லு.


திசையன்விளை மாமா | ஞாயிறு, காலை 7.05

எல்லாம் சரி. பாட்டிக்கு 94 என்றால் பிறந்தது 1930, 31 வாக்கில். எம்டன் வந்தது 1914. செத்துப் பதினாறு வருஷம் கழித்து எப்படியம்மா பிள்ளை பிறக்கும்?


பாளை பேத்தி | ஞாயிறு, காலை 7.30

மாமா... காபியைக் கீழே வைத்துவிட்டேன். நாங்கள் ஐந்து பேர் பட்டதாரிகள், ஒருத்தி கணக்கு டீச்சர் (நான்தான்). இத்தனை வருஷம் ஒருத்தரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

சாரங்கு தாத்தா, பாட்டியிடம் காதுக்குள் கத்திக் கேட்டேன். "எங்கய்யா தண்டலு கூடப் போனாக" என்றார். இத்தனை நாள் "தண்டலாப் போனாக" என்றுதான் எங்கள் காதில் விழுந்திருக்கிறது. கூட என்ற வார்த்தையை யார் எப்போது தின்றது என்று தெரியவில்லை.


காயல் காக்கா | ஞாயிறு, மதியம் 2.15

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கச்சி மனசு விட்டுடாதீங்க, எம்டன் கதை இல்லாத வீடு இந்தக் கரையிலே கிடையாது. எங்க வீட்டிலேயும் ஒண்ணு இருக்கு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னையிலே எண்ணெய்த் தொட்டியைச் சுட்டான், துறைமுகத்திலே நின்ன சுப்ரா கப்பல்லே அடிபட்டுச் சிலர் மௌத்தானாங்க. அப்புறம் இலங்கையைச் சுத்தி, மினிக்காய்ப் பக்கம் எல்லாம் கப்பல் கப்பலாப் பிடிச்சான். ஆனா பிடிச்ச சரக்குக் கப்பல் ஆளுகளை வேற கப்பல்லே ஏத்திக் கரைக்கு அனுப்பிட்டுத்தான் முக்குவான். அதே வருசம் நவம்பர் 9-லே கோகோஸ் தீவுலே அவன் கதை முடிஞ்சது. மூணு மாசம்கூட இந்தப் பக்கம் இல்லே, பேர் மட்டும் நம்ம பாஷையிலேயே தங்கிட்டது. அதனாலே கடல்லே போய்த் திரும்பாதவங்க எல்லாரையும் எம்டன் கணக்கிலே எழுதிட்டாங்க.

உண்மையைச் சொன்னா நம்ம ஜில்லாவிலே கடலோடினவங்கள்லே முக்கால்வாசிப் பேர் நீராவிக் கப்பல் பக்கமே போகலை. தோணிதான். வீட்டு ஓடு, கருவாடு, கருப்பட்டி, மிளகாய், வெங்காயம் ஏத்திக்கிட்டுக் கொழும்பு போறது, திரும்பி வர்றது. அதுக்கு லண்டன்லேயும் கனடாவிலேயும் தேடி என்ன பிரயோசனம்? கலாசி பேரை எந்தச் சர்க்கார் எழுதினான்?

எங்க ஊர்லே நான் தேடினது மூணு இடத்திலே. பள்ளிவாசல் நிக்காஹ் தப்தர் (கல்யாணப் பதிவேடு), கபர்ஸ்தான் மீசான் கல் (கல்லறைக் கல்), கொழும்புக் கடைப் பேரேடு. பேரேடு அரபுத்தமிழ்லே, அதாவது அரபு எழுத்திலே எழுதின தமிழ்லே இருந்தது, வாசிக்க ஒரு பெரியவர்கிட்டே ஆறு மாசம் நடந்தேன். எந்தத் தோணியிலே என்ன சரக்கு வந்தது, தண்டலுக்கு முன்பணம் எவ்வளவு எல்லாம் இருந்தது. எங்க அப்பாவோட வாப்பா பேர் ஒரே ஒரு இடத்திலேதான். "வத்தையிலே நனைந்த மிளகாய் வகைக்கு" ஏழு ரூபாய் பிடித்தம்னு எழுதியிருந்தது (வத்தைன்னா தோணிதான்). நூறு வருசம் கழிச்சு அவரைப் பத்தி எனக்குக் கிடைச்ச ஒரே எழுத்து அதுதான்.


கொழும்புப் பிள்ளை | ஞாயிறு, இரவு 8.50

நாங்கள் மூன்று தலைமுறைக்கு முந்தி உவரிப் பக்கமிருந்து இங்கே வந்து தங்கினவர்கள். கணக்கெடுப்பு இரவு ஆள் எங்கே இருக்கிறானோ அங்கேதான் எண்ணுவார்கள். தோணி கொழும்பில் நின்றால் அவர் இலங்கைக் கணக்கில். இங்கே 1871-இலிருந்து எடுக்கிறார்கள், பழைய அறிக்கைகளில் துறைமுகத்தில் நின்ற கப்பல்காரர்களைத் தனியாகவே காட்டியிருக்கும். 1911-இல் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று பிரித்தார்கள். 2001-இலிருந்து எங்களைப் பரதர் என்று தனி இனமாகவே எண்ணுகிறார்கள். பேர் மட்டும் இங்கேயும் கிடையாது.

பேர் வேண்டுமென்றால் கோயில்தான். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் துறைமுகத்துக்குப் பக்கத்தில், தோணிக்காரர்கள் கரை இறங்கினதும் போகிற இடம். கொழும்பில் இறந்து இங்கேயே அடக்கம் செய்தவர் என்றால் 1860-களிலிருந்து அரசாங்க இறப்புப் பதிவும் உண்டு. பழைய பத்திரிகைகளில் கப்பல் வரவு போக்கு தினமும் போட்டிருப்பார்கள். ஆனால் நான் பார்த்த வரை நீராவிக் கப்பலுக்குத்தான் பேர், தோணிக்கு எண்ணிக்கை.


கப்பலோட்டி வம்சம் | ஞாயிறு, இரவு 11.30

எல்லாரும் சேர்ந்து நம் முன்னோர்களைக் கரி அள்ளினவர்களாகவும் மூட்டை தூக்கினவர்களாகவும் காட்டுகிறீர்கள். கொற்கையில் முத்துக்குளித்துக் கடலை ஆண்ட இனம். என் தாத்தாவின் அப்பா வ.உ.சி. கப்பலில் மாலுமி. இதற்கு ஆதாரம் கேட்பதே அவமானம்.


சாரங்கு தாத்தா | திங்கள், காலை 5.50

தம்பி, கரி அள்ளுறது அவமானம்னு உனக்கு யார் சொன்னது? செங்கடல்ல ஆகஸ்டு மாசம் அடுப்பு முன்னாடி நாலு மணி நேரம் நின்னு பாரு, அப்புறம் பேசுவோம்.

வ.உ.சி.யோட சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது 1906 அக்டோபர். காலியா, லாவோ கப்பல் ரெண்டும் 1907-ல வந்துச்சு. பிள்ளைவாளை 1908 மார்ச்சுல பிடிச்சு உள்ள போட்டான், 1911-ல கம்பெனியே கலைஞ்சு போச்சு. உன் தாத்தாவுக்கு அப்பா அந்த நாலு வருசத்துல என்ன வயசுல இருந்தாருன்னு மொதல்ல பாரு. பொருந்தினா நானே வந்து மாலை போடுறேன். பொருந்தலைன்னா அவர் எந்தத் தோணியில போனாரோ அந்தத் தோணிக்குப் போடுறேன்.


குருமடத்து வாத்தி | திங்கள், மாலை 4.10

இழையை இப்போதுதான் முழுக்க வாசித்தேன். குருமடத்தில் நாலு வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்தவன். சாமியாராகவில்லை, லத்தீன் மட்டும் ஒட்டிக்கொண்டது.

சகோதரி, உபதேசியார் சீட்டில் இருக்கும் "மாரியில் மரணம்" என்ற வரியில் ஒரு சந்தேகம். அந்தக் காலக் கோயில் புத்தகங்கள் லத்தீனில் எழுதப்பட்டவை. இறந்தார் என்பதற்கு "ஓபியித்" என்று எழுதுவார்கள். உபதேசியாருக்கு அது தெரிந்திருக்கும், தினம் பார்க்கிற சொல். அதற்கு அடுத்து "இன் மாரி" என்று இருந்திருந்தால்?

மாரே என்றால் லத்தீனில் கடல். இன் மாரி என்றால் கடலில். உபதேசியார் நல்ல தமிழர், மாரி என்றதும் மழை என்று எடுத்துக்கொண்டார் போல. எனக்குத் தெரிந்த இன்னொரு ஊரில் இதே சொல்லைப் பார்த்துவிட்டு, மாரியம்மன் வந்து செத்துப்போனார், அதாவது வைசூரி, என்று குடும்பக் கதையே கட்டியிருந்தார்கள்.

மூலப் புத்தகத்தைப் பாருங்கள். அதைப் பார்க்காமல் இதற்கு மேல் நானும் சொல்லக்கூடாது.


பாளை பேத்தி | திங்கள், மாலை 4.25

கடலில்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டார்.


எழும்பூர் வாசகன் | திங்கள், இரவு 9.30

வாத்தியாருக்கு ஒரு கும்பிடு.

பேத்தி, போவதற்கு முன் சில விஷயம். திருமுழுக்கு (ஞானஸ்நானம்), திருமணம், இறப்பு மூன்றுக்கும் தனித்தனிப் புத்தகம் இருக்கும், மூன்றையும் கேளுங்கள். பங்கு (ஒரு கோயிலைச் சேர்ந்த பகுதி) பிரிந்திருந்தால் பழைய புத்தகம் தாய்ப்பங்கில் இருக்கும். இந்தக் கரையில் கோவா குருக்களும், 1838-இல் திரும்பி வந்த சேசு சபையாரும் ஒரே ஊரில் இரண்டு கோயில் நடத்திய காலம் உண்டு. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு புத்தகத்தில், தம்பி இன்னொன்றில். தூத்துக்குடி மறைமாவட்டம் ஆனது 1923-இல், ரோச் ஆண்டகை காலத்தில். உங்கள் பூட்டன் அதற்குப் பின் இறந்தவர் என்றால் தேடுவது சுலபம்.

திருமுழுக்குப் புத்தகத்தில் ஓரக் குறிப்பை விட்டுவிடாதீர்கள். 1908-க்குப் பிறகு, யாருக்காவது கல்யாணம் ஆனால் எந்தக் கோயிலில், எந்தத் தேதியில் என்று அவர் திருமுழுக்குப் பதிவின் ஓரத்திலேயே எழுத வேண்டும் என்று ரோமாபுரி உத்தரவு. கொழும்பில் கல்யாணம் செய்தவரைக்கூட அந்த ஓரத்தில் பிடித்துவிடலாம்.

பர்னாந்து என்ற பேரை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஊரில் பாதிப்பேர் பர்னாந்துதான். தகப்பன் பேர், தாய் பேர், ஞானத்தகப்பன் பேர் மூன்றும் ஒத்துவர வேண்டும். வீட்டுப் பட்டப்பேரைப் பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள், புத்தகத்தில் அது இருக்காது, ஆனால் ஊர்ப் பெரியவர்களிடம் பேச அதுதான் சாவி.


சாரங்கு தாத்தா | திங்கள், இரவு 9.52

இன்னொரு வழியும் சொல்லிடுறேன், இவளுக்கு இல்லைன்னாலும் வாசிக்கிற வேற யாருக்காவது உதவும். போர்க் காலத்துல கடல்ல இறந்த லஸ்கார்கள் பேரை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் வச்சிருக்கு. முதல் போருக்குப் பம்பாய் நினைவகம், ரெண்டாவது போருக்குப் பம்பாய், சிட்டகாங் ரெண்டு இடத்துலயும். ரெண்டாம் போர்ப் பதிவுல தகப்பன் பேர், ஊர்கூடப் பல பேருக்கு இருக்கும், காசு கேட்கமாட்டான். 1918-லிருந்து 1921 வரைக்கும் போட்ட கப்பலாள் அட்டைகள்ல படம்கூட ஒட்டியிருக்கும். வீட்டுல பழைய சி.டி.சி. புத்தகம், அதாவது கப்பல் வேலைப் பதிவுப் புத்தகம் கிடந்தா, பம்பாயில அதை நல்லின்னு சொல்வோம், தூக்கிப் போட்டுறாதீங்க. ஏறின கப்பல், இறங்கின தேதி எல்லாம் அதுலயே இருக்கு.


நெல்லை டெக்கி | செவ்வாய், காலை 10.15

ஆர்.டி.ஐ. போடச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.


பாளை பேத்தி | பன்னிரண்டு நாள் கழித்து, ஞாயிறு, இரவு 10.40

தாமதத்துக்கு மன்னிக்கவும். முதல் தடவை போனபோது சாமியார் திருநாள் வேலையாக வெளியூர், இரண்டாம் தடவை பீரோச் சாவி இல்லை. மூன்றாம் தடவைதான் புத்தகம் மேசைக்கு வந்தது. படம் எடுக்க அனுமதி இல்லை, கையால் எழுதிக்கொண்டேன்.

நீளப் புத்தகம், தோல் அட்டை, திறந்ததும் கற்பூர வாசனை. அட்டவணை கிடையாது, பக்கம் பக்கமாகப் போனேன். பாட்டியின் திருமுழுக்கை முதலில் பிடித்தேன்: 1930 நவம்பர். அங்கிருந்து இறப்புப் புத்தகத்தில் முன்னால் நகர்ந்தால் மூன்றே பக்கம்தான். 1931 பிப்ரவரி, இரண்டாம் வாரம். அந்த வருஷ சென்சஸ் பிப்ரவரி 26. எண்ணிக்கையில்கூட அவர் இல்லை.

தை கடைசி. தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள், அந்த நாளில் ஏது மாரி? வாத்தியார் சொன்னது எழுத்துக்கு எழுத்துச் சரி. ஓபியித் இன் மாரி. கீழே உடல் கிடைக்கவில்லை என்று இன்னொரு வரி.

ஆனால் அவர் தனியாக இல்லை. ஒரே தேதி, ஒரே மை, ஒரே கையெழுத்தில் ஐந்து பதிவு அடுத்தடுத்து. முதல் ஆளுக்கு வயசு 46, பேருக்குப் பக்கத்தில் "நௌக்ளேருஸ்" என்று எழுதியிருந்தது. மற்ற நாலு பேருக்கும் "நௌதா". வாத்தியாருக்குப் போன் போட்டேன். முதலாவது கலத்தை நடத்துகிறவர், மற்றது கப்பலாள் என்றார். அந்த 46 வயசுக்காரர்தான் தண்டல். பூட்டன் மூன்றாவது, வயசு 31. தண்டல் கூடப் போனவர்.

தோணி பேர் இல்லை. எங்கே போனது, என்ன சரக்கு, ஒன்றும் இல்லை. காயல் காக்கா, கொழும்புப் பிள்ளை, அந்த வாரத்துப் பத்திரிகையோ பேரேடோ கண்ணில் பட்டால் சொல்லுங்கள், தேதியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

சாயங்காலம் பாட்டி கட்டிலில் உட்கார்ந்து ஐந்து பேரையும் ஒவ்வொன்றாகக் காதில் வாசித்தேன். கேப்டன் இல்லை என்பதற்கு அவர் அசையவே இல்லை. நவம்பர் பூசையை மாற்ற வேண்டும் என்று அம்மா சொன்னதற்கு "அதுவும் இருக்கட்டும், இதுவும் வைங்க" என்றார். பூட்டன் பேர் வந்தபோது சீலை முந்தியை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். நாலாவது பேர் 24 வயசு, கேட்டுக்கொண்டார். ஐந்தாவது பேருக்கு வயசு 13 என்று வாசித்ததும் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"பதிமூணா? அந்தப் பய யாரு வீட்டுப் பிள்ளை?"

தகப்பன் பேரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சுவரையே பார்த்திருந்தார். பிறகு, எங்கள் யாருக்கும் தெரியாத ஒரு வீட்டுப் பட்டப்பேரைச் சொல்லி, அந்த வீட்டம்மா சாகும் வரை ராத்திரி வாசல் கதவைத் தாழ் போட்டதில்லை, ஏன் என்று சின்னப் பிள்ளையில் கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள் என்றார்.

அந்தப் பட்டப்பேரை இங்கே போடவில்லை. மணப்பாடு, உவரி, பெரியதாழை, கூடுதாழைப் பக்கம் யாராவது, வீட்டில் 13 வயசில் தோணியில் போய்த் திரும்பாத பையன் கதை இருந்தால், தனிச்செய்தியில் எழுதுங்கள்.